சீன் 31, டேக் 3

மே 9, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் தொடங்கி ஆறாம் நாள். வண்டலூர் தாண்டி ஒரு பங்களாவில் படப்பிடிப்பு. படத்தின் பெயர் 'மொட்டை மாடியில் மூவர்'. அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்குப் போன வீட்டில் நான்கு பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள். மொட்டை மாடியில் மூன்று வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்கி உலகத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் மிளகாய்ப்பொடியையும் தண்ணீர்க் குழாயையும் வைத்து அவர்களை விரட்டி விடுகிறார்கள். கதை அவ்வளவுதான். உலகம் இவ்வளவு லேசாகத் தப்பிப்பதில் எனக்கு வருத்தமில்லை.

தலைமை வேற்றுக்கிரகவாசி மலையப்பன் அண்ணன். வயது ஐம்பத்திரண்டு. பச்சை ரப்பர் உடைக்குள் போனால் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகும். மதியம் உடையோடு மயங்கி விழுந்தார். மோர் கொடுக்கலாம் என்றால் முகமூடியில் வாய் இல்லை. கழுத்து ஜிப்பைத் திறந்து ஸ்ட்ரா விட்டோம். "தம்பி, இந்தப் பயலுக இந்த வெயில்ல ஏன் வந்தானுக? டிசம்பர்ல வந்திருக்கலாமே" என்றார்.

மே 10, புதன்

பன்னிரண்டு வருடமாக உதவி இயக்குநராக இருக்கிறேன். என் முக்கிய வேலை ப்ராம்ட் கொடுப்பது. கேமராவுக்குக் கீழே குந்திக்கொண்டு நான் ஒவ்வொரு வசனத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும், நடிப்பவர்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்வார்கள். குரலையெல்லாம் பிறகு டப்பிங்கில் போட்டுக்கொள்வதால் இங்கே யார் எவ்வளவு கத்தினாலும் பாதகமில்லை. பெரிய பெரிய ஆட்களுக்கே கொடுத்திருக்கிறேன். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இன்று ஒருத்தி சொன்னாள். ஜாஸ்லின், எட்டரை வயது, காசிமேடு. நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி.

"எனக்குத் தெரியும் அங்கிள். நீங்க சொல்லாதீங்க. நீங்க சொன்னா எனக்கு மறந்துபோவுது."

"தெரிஞ்சாலும் சொல்றதுதான் என் வேலை" என்றேன்.

"அப்ப நீங்களே நடிச்சிடுங்க."

வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா மார்க்ரெட் தலையில் அடித்துக்கொண்டார். மாலைக்குள் யூனிட் முழுக்க எனக்கு 'ப்ராம்ட் அங்கிள்' என்று பெயர் விழுந்துவிட்டது.

மே 14, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன். திருச்சிக்குப் போன் போட்டேன். மகள் வெண்பா எடுத்தாள். வயது பத்தாகிறது. அவளும் அவள் அம்மாவும் அங்கே போய் இரண்டு வருடம். "லீவு நல்லா போகுதா? நல்லா போகுதுன்னு சொல்லு" என்றேன். நல்லா போகுது என்றாள். "அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு" என்றேன். சரி என்றாள். இரண்டு நிமிடம் ஆனது.

மே 17, புதன்

சீன் 31. ஜாஸ்லின் ஒரு டேக்கைக் கெடுத்துவிட்டாள். கொஞ்சம் சத்தம் போட்டேன். ஐந்தாவது டேக் ஓகே. இரவுச் சாப்பாட்டில் சட்னி புளித்திருந்தது.

மே 26, வெள்ளி

படப்பிடிப்பு முடிந்தது. பூசணிக்காய் உடைத்தோம். மலையப்பன் அண்ணன் ரப்பர் உடையை மடித்து வைத்துவிட்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

கிளம்பும்போது ஜாஸ்லின் வந்தாள்.

"டப்பிங்ல நீங்க இருப்பீங்களா அங்கிள்?"

"இருப்பேன்."

"அங்கயும் நீங்கதான் சொல்லித் தருவீங்களா?"

"இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ மட்டும்தான். மைக் முன்னாடி நான் மூச்சுகூட விடக் கூடாது."

"ஹை!" என்று குதித்துக்கொண்டு ஓடினாள். இவ்வளவு சந்தோஷமா என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அக்டோபர் 4, புதன்

டப்பிங் தேதிகள் போட்டாயிற்று. ஜாஸ்லினுக்குப் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணி. மார்க்ரெட்டிடம் போனில் சொன்னேன். பின்னால் அவள் கத்துவது கேட்டது. இப்போதே தேன் குடிக்கிறாளாம், தொண்டைக்கு.

அக்டோபர் 9, திங்கள்

ஜாஸ்லினுக்குக் காய்ச்சல். தேதியை மாற்ற முடியுமா என்று மார்க்ரெட் கேட்டார். பதினெட்டுக்கு மாற்றினேன். போர்டில் அழித்து எழுதவே இடமில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

ஜாஸ்லின் இன்று காலை இறந்துவிட்டாள். டெங்கு.

அக்டோபர் 14, சனி

காசிமேடு போனோம். சின்னப் பெட்டி. அவள் அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், பெரிய ஆள். சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். மலையப்பன் அண்ணனும் வந்திருந்தார். படத்தில் நடித்த மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. இருபது நாள் அவரை மிளகாய்ப்பொடி போட்டு விரட்டியவர்கள், அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

தயாரிப்பாளருக்குப் படம் பிப்ரவரியில் வந்தாக வேண்டும். ஜாஸ்லினுக்குக் கல்பனா அக்காவைப் பேச வைக்கலாம் என்று டைரக்டர் முடிவு செய்தார். இருபத்தைந்து வருடமாகக் குழந்தைகளுக்குக் குரல் கொடுக்கிறவர். அக்காவுக்கே பேரன் இருக்கிறான். "வேற வழி இருக்கா?" என்று டைரக்டர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன்.

அக்டோபர் 26, வியாழன்

மார்க்ரெட் சாலிகிராமம் ஆபீசுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அவ வாய அசைப்பா. வேற யாரோ பேசுவாங்களா சார்?"

எல்லாப் படத்திலும் அப்படித்தான் என்றேன். அவர் போனை எடுத்துக் காட்டினார். "மூணு வீடியோ கீது சார். மூணுலயும் பாட்டு ஓடுது, இவ ஆடினே கீறா. ஒரு வார்த்த பேசல. வீட்ல வாய் மூடாதுங்க அது. அப்பல்லாம் எடுக்கணும்னு தோணல." பிறகு கேட்டார்: "ஷூட்டிங்ல பேசுனாளே, அது பதிவாயிருக்கும்ல? அதப் போட முடியாதா?"

படப்பிடிப்பில் பதிவான ஒலியில் சத்தம் அதிகம், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, ஒன்றும் தேறாது என்று சொன்னேன்.

சரி சார் என்று எழுந்து போனார். பஸ் ஸ்டாப் வரை கூடப் போயிருக்கலாம்.

அக்டோபர் 30, திங்கள்

கல்பனா அக்கா டப்பிங்குக்கு வந்தார். பேசுவதற்கு முன்னால், "பொண்ணு எப்படிப் பேசுவான்னு ஒரு தடவ கேக்கறேன்" என்றார். சவுண்ட் இன்ஜினியர் திருமாறன் படப்பிடிப்பு ஒலியை ஓட விட்டான்.

அக்கா ஹெட்போனைக் காதில் அழுத்தி அழுத்திக் கேட்டார். இன்னொரு சீன் போடச் சொன்னார். இன்னொன்று. பிறகு கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க குரல்தான் தம்பி கேக்குது. பொண்ணு எங்க?"

ஜெனரேட்டர் என்று எழுதினேன் அல்லவா. ஜெனரேட்டர் தெருமுனையில் நின்றது, அதன் சத்தம் துளியும் இல்லை. அந்தச் சத்தம் நான்தான். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அரை வார்த்தை முன்னால் நான் இருக்கிறேன். அவள் குரல் எனக்கு அடியில் எங்கோ கிடக்கிறது.

நவம்பர் 8, புதன்

ஒரு வாரமாக மதியச் சாப்பாட்டு வேளையில் திருமாறனோடு உட்கார்ந்து, படத்தில் சேர்ந்திருக்கும் அவளுடைய ஷாட்டுகள் நூற்றுப்பதினாலையும் கேட்டு முடித்தேன். சுத்தமாகக் கிடைத்தவை: ஒரு தும்மல். ஓடிவரும்போது மூச்சு. "ஆ" என்று ஒரு அலறல், பாதி. திருமாறன் பிரித்தெடுக்கப் பார்த்தான். என்னை எடுத்தால் அவளும் சேர்ந்து போய்விடுகிறாள்.

எனக்குத் தெரியும் அங்கிள், நீங்க சொல்லாதீங்க என்று எத்தனை நாள் சொன்னாள். நூற்றுப்பதினாலு ஷாட்டில் ஒரு வசனத்தைக்கூட அவள் மறக்கவில்லை. நான் சொல்லியிருக்கவே தேவையில்லை.

மார்க்ரெட்டிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 9, வியாழன்

மாலை ஐந்து மணிக்குக் காசிமேடு போனேன். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டேன். கதவு திறந்திருந்தது. மார்க்ரெட் தரையில் உட்கார்ந்து ஈரத் துணியால் வாசல் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நினைப்பில்லாமல் காலை உள்ளே வைக்கப் போனேன்.

"சார், செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க. இப்பத்தான் தொடச்சேன்."

ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டேன். இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். இதே பேச்சு, இதே அதட்டல்.

"என்ன சார்?" என்றார்.

"அப்புறம் வரேங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

மே 17 குறிப்பில் ஒரு வரியோடு நிறுத்தியிருக்கிறேன். நடந்தது இதுதான். சீன் 31, காலை நேரக் காட்சி. மலையப்பன் அண்ணன் மாடிப்படி இறங்கிக் கூடத்துக்குள் வருவார். ஜாஸ்லின் அவர் எதிரே நின்று, "யார் நீங்க? எங்க பூமியில உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்க வேண்டும். இரண்டு டேக் ஆகியும் டைரக்டருக்குத் திருப்தி இல்லை. அன்று மார்க்ரெட்டும் இல்லை. அவர் அண்ணன் மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மைச் சடங்கு என்று போயிருந்தார், பக்கத்து வீட்டுப் பெண் கூட்டி வந்திருந்தாள். மூன்றாவது டேக்குக்கு முன்னால் ஜாஸ்லின் என்னிடம் குனிந்து, "ஒரே ஒரு தடவ வாய மூடிக்கோங்க அங்கிள், ப்ளீஸ்" என்றாள். சரி, போய்த் தொலை என்று வாயை மூடிக்கொண்டேன். வேற்றுக்கிரகவாசி வந்தார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேறு என்னவோ சொன்னாள். டைரக்டர்தான் கட் சொல்ல வேண்டும், எந்த உதவி இயக்குநரும் சொல்லக் கூடாது. நான் கத்தினேன். யூனிட் முழுக்கப் பார்க்க அவளைத் திட்டினேன். அழுதாள். நான்காவது டேக்கிலிருந்து படம் முடியும்வரை என் வாய் மூடவேயில்லை.

நவம்பர் 10, வெள்ளி

கழித்துப்போட்ட டேக்குகள் உள்ள ஹார்ட் டிஸ்க் தயாரிப்பு ஆபீஸ் பீரோவில், காலி செய்து அடுத்த படத்துக்குக் கொடுக்க வேண்டியவற்றோடு இருந்தது. அதனுடன் ரிப்போர்ட் ஷீட், என் கையெழுத்து: 'சீன் 31, ஷாட் 4, டேக் 3. என்.ஜி. குழந்தை தப்பு.' என்.ஜி. என்றால் 'நோ குட்', உதவாத டேக்.

திருமாறன் ஓட விட்டான். கூடம். படியில் ரப்பர்க் கால்கள் தொப் தொப்பென்று இறங்குகின்றன. ஜாஸ்லின் இடுப்பில் கை வைக்கிறாள்.

"செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க. எங்கம்மா இப்பத்தான் தொடச்சிருக்கு."

மூன்று விரல் ரப்பர்க் காலை மலையப்பன் அண்ணன் குனிந்து பார்க்கிறார். பிறகு ஒரு காலைத் தூக்கி நிஜமாகவே கழற்றப் பார்க்கிறார்.

ஏழு விநாடி. சுத்தமான குரல். எட்டாவது விநாடியில் என் கை ஃபிரேமுக்குள் வருகிறது, அதற்கு மேல் முழுக்க நான்தான். இரண்டு நிமிடம் திட்டியிருக்கிறேன். "சொன்னத மட்டும் சொல்லத் தெரியாதா உனக்கு?" கடைசியில் மிக மெல்ல, "சாரி அங்கிள்."

திருமாறன் நிறுத்திவிட்டு டீ சொல்லப் போகிறேன் என்று வெளியே போய்விட்டான். நான் அழுதேன். இதை எழுத வேறு இடம் இல்லை.

நவம்பர் 12, ஞாயிறு

வெண்பாவுக்குப் போன் போட்டேன். "என்னம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

"லைன்ல இருக்கியாப்பா?"

"இருக்கேன்."

"ஏன் எதுவும் சொல்லித் தரமாட்டேங்கற?"

பிறகு அவளே தன் வகுப்பில் ஒருத்தி பல்லை விழுங்கிய கதையில் ஆரம்பித்தாள். முப்பத்தோரு நிமிடம். இவளுக்கு இவ்வளவு பேச்சு உண்டு என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 13, திங்கள்

டைரக்டருக்குப் போட்டுக் காட்டினேன். முதல் முறை வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாம் முறை பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது ஏன்யா என்.ஜி. ஆச்சு?"

"நான்தான் சார் கத்தினேன். குழந்தை மேல தப்பில்ல."

கதையில் அம்மா ஊரிலேயே இல்லை என்றாலும் படத்தில் இதைத்தான் வைக்க வேண்டும் என்றார். ஆனால் முன்னும் பின்னும் கல்பனா அக்கா குரல், நடுவில் ஏழு விநாடி மட்டும் வேறு குரல் என்றால் துருத்திக்கொண்டு தெரியுமே என்று தயங்கினார். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தோம். அவர் கைப்பையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இந்த ஏழு செகண்டத்தான் நான் மொதல்லயே கேட்டேன். முழுப் படமும் திரும்பப் பேசறேன். இவள மாதிரி பேசிப் பாக்கறேன்."

நவம்பர் 16, வியாழன்

காசிமேடு. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஜெனரேட்டர் பொய், அவள் குரல் மேல் முழுக்க என் குரல்தான், ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவள் குரல் கிடைத்திருக்கிறது.

"ஜெனரேட்டர் சத்தம் இல்லன்னு அப்பவே தெரியும் சார். நான் தினமும் அங்கதான குந்தினு இருந்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்க அழுவுற மாரி இருந்தீங்க. அதான் எழுந்து வந்துட்டேன்."

அந்த இடத்தை ஸ்டுடியோவுக்கு வந்து கேட்கிறீர்களா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "தியேட்டர்ல கேக்குறேன். எல்லாரோடயும். என்ன வசனம்னு சொல்லிடாதீங்க."

அன்று அவளைத் திட்டியதையும் சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தெரியும் சார். வீட்டுக்கு வந்து சொல்லுச்சே. ப்ராம்ட் அங்கிள் திட்டிச்சு, அப்புறம் பாவம்னு ஐஸ் வாங்கிக் குடுத்துச்சுன்னு."

நான் ஐஸ் எதுவும் வாங்கிக் கொடுக்கவில்லை. அம்மா என்னைத் தப்பாக நினைக்காமலிருக்க அந்த ஐஸை அவளே என் பேரில் கட்டிச் சொல்லியிருக்கிறாள். இதை மட்டும் மார்க்ரெட்டிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

படம் வெளியானது. பள்ளிகளில் பரீட்சை நேரம் பார்த்துப் பிள்ளைகள் படத்தை வெளியிடுகிற அறிவு எங்கள் தயாரிப்பாளருக்கு மட்டுமே உண்டு. ஆனால் தண்டையார்பேட்டை தியேட்டரில் காலைக் காட்சி நிறைந்துவிட்டது. காசிமேட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். மார்க்ரெட் பக்கத்தில் நான். அவர் கணவர் லாரியில் எண்ணூர் போயிருந்தார், பார்க்க மனசு வரவில்லை என்றாராம்.

கல்பனா அக்கா அருமையாகப் பேசியிருந்தார். அவ்வப்போது மார்க்ரெட் திடுக்கிட்டு நிமிர்வார், பிறகு இல்லை என்று சாய்ந்துகொள்வார். சீன் 31 வரப் போகும்போது, "இப்ப" என்று மட்டும் சொன்னேன்.

மலையப்பன் அண்ணன் படியிறங்கினார். ஜாஸ்லின் இடுப்பில் கை வைத்தாள். "செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க" என்றாள், அவ்வளவுதான். தியேட்டரே வெடித்தது. விசில், கைதட்டல், நாற்காலி மேல் ஏறிக் குதித்தார்கள். மீதி வசனம் அதற்குள் போய்விட்டது. அடுத்த காட்சி வந்தும் சிரிப்பு அடங்கவில்லை.

மார்க்ரெட் என் பக்கம் திரும்பினார். "அப்புறம் என்னமோ சொன்னாளே சார்? கேக்கல. என்ன சொன்னா?"

வசனம் என் நாக்கு நுனியில் இருந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம், வாயைத் திறந்தும்விட்டேன். மூடிக்கொண்டேன்.

"நான் சொல்லலீங்க. அடுத்த ஷோ இருப்போம்."

மதியக் காட்சி. மட்டம் போட்ட பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து மொத்தம் பதினாலு பேர். இரண்டு பேர் தூங்கினார்கள், ஒருவர் போனில் கடன் வசூல் செய்துகொண்டிருந்தார். சிரிப்புப் படத்துக்கு வந்து, யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படி. ரப்பர்க் கால்கள். கூடத்தில் காலை வெயில். இடுப்பில் கை.

"செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க. எங்கம்மா இப்பத்தான் தொடச்சிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. குரல் தியேட்டரின் கடைசி வரிசை வரை போனது.

மார்க்ரெட் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"காலைல யாரு சார் தொடைப்பா? நான் சாயங்காலந்தான் தொடைப்பேன். பொய் சொல்றா பாருங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பதினாலு பேரில் சிரித்தது அவர் ஒருவர்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.